அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபைனல்

1989 ஜனவரி 9

சின்னவனுக்கு அக்கா எழுதுவது.

இங்கே நானும் உன் அத்தானும் சௌக்கியம். என் இடது முழங்கால் மட்டும் எதிர்க்கட்சியில் சேர்ந்துவிட்டது. மாடிப்படியைக் கண்டால் வெளிநடப்புச் செய்கிறது. நீ, தம்பிப் பெண்டாட்டி, என் மருமகள் சின்னக்குட்டி எல்லோரும் எப்படி இருக்கிறீர்கள்? அவளுக்குப் பரீட்சை முடிந்ததா?

விஷயம் இதுதான். நேற்று டென்னிஸ் க்ளப் செயலாளர் நூலகத்துக்கே வந்துவிட்டார். நம் களிமண் கோர்ட் போட்டிக்கு வருகிற நவம்பரில் அறுபது வயது. அதன் கதையைச் சொல்லும் சிறப்பு மலர் போடப் போகிறார்களாம். "மேடம், இருபது வருஷம் கோட்டு நடுவரா உக்காந்து பந்து பாத்தவங்க நீங்க. போதாததுக்கு நூலகர் வேற. நான் வேற யார்கிட்ட போய் நிப்பேன்?" என்றார். நான் மறுத்தால் அவரே எழுதிவிடுவார் என்ற பயத்தில் ஒப்புக்கொண்டேன்.

ஒரு தகரப்பெட்டி நிறையப் பழைய ஸ்கோர் புத்தகங்கள் வந்திருக்கின்றன. திறந்தால் தும்மல், மூடினால் ஏக்கம். முதல் கோர்ட் எப்படி வந்தது, தெரியுமா? செங்கல் சூளைக்காரர் ஒருவருக்கு மழையில் ஒரு சூளைக் கல் முழுக்க வீணாகிவிட்டது. "பாதி உடைஞ்சத வெச்சு என்ன பண்றது, முழுசா உடைச்சிடுங்க" என்று கோபத்தில் சொல்லி, இடித்துச் சலித்த பொடியைப் பின்பக்கக் காலி மனையில் பரப்பி, வலை கட்டிவிட்டார். முதல் வருஷம் ஆடியவர்கள் ஒன்பதே பேர். அதில் இரண்டு பேர் வெறுங்காலோடு ஆடியதாகக் குறிப்பு.

உன்னிடம் ஓர் உதவி. அறுபத்திரண்டாம் வருஷத்து ஃபைனலைப் பற்றி ஒரு பக்கம் எழுதித் தா. ஆடியவனே எழுதினால் அதன் அழகே தனி.

தாமதிக்காமல் பதில் போடு. டாக்டர் கையெழுத்து புரியாவிட்டால் மருந்துக்கடையில் கொடுத்தாவது படித்துக்கொள்கிறேன்.

அக்கா

&nbsp;

1989 ஜனவரி 30

அக்காவுக்கு,

உன் கடிதம் வந்தது. இங்கே மூவரும் நலம். சின்னக்குட்டி கணக்கில் தேறிவிட்டாள். யார் ஜாடை என்று வீட்டில் விசாரணை நடக்கிறது. உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு. பல் டாக்டர் சொல்கிறானே என்று அலட்சியம் வேண்டாம்.

சூளைக்காரர் கதையைக் காத்திருக்கும் நோயாளிகளுக்குக்கூடச் சொன்னேன். ஒருவர் சிரித்ததில் தற்காலிகமாக அடைத்த பல் கழன்றுவிட்டது. நீ எழுது அக்கா, உனக்கு அது நன்றாக வரும். ஆட்டம் முடிந்து வந்ததும் நம் வீட்டுக் குளியலறைத் தண்ணீர் சிவப்பாக ஓடுமே, அதையும் சேர்த்துக்கொள். என் காலுறைகளைத் தனியாகத் துவைக்கச் சொல்லி அம்மா போட்ட சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

அறுபத்திரண்டைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? மூன்றாவது செட்டில் தோள்பட்டை வலி, விலகினேன். ஒரு வரி போதும்.

அத்தானுக்கு என் வணக்கம்.

சின்னவன்

&nbsp;

1989 பிப்ரவரி 20

சின்னவனுக்கு,

நாங்கள் சுகம். ஒத்தடத்தில் முழங்கால் கொஞ்சம் சமாதானத்துக்கு வந்திருக்கிறது. உங்கள் பக்கம் குளிர் விட்டதா?

முப்பத்தெட்டாம் வருஷம் வரை எழுதி முடித்தேன். அந்த ஃபைனல் மழையால் மூன்று நாள் நடந்திருக்கிறது. மழை விட்டபோதெல்லாம் ஆட்டக்காரர்கள் இருவருமே சாக்கை எடுத்துக்கொண்டு கோர்ட்டில் ஈரம் ஒற்றினார்களாம். தோற்றவர் கடைசியில், "ஆட்டத்துல அவரு, ஈரம் ஒத்துறதுல நானு" என்று சொன்னதை நடுவர் புத்தக ஓரத்திலேயே எழுதி வைத்திருக்கிறார். அப்புறம் யுத்த வருஷங்கள். இரண்டு கோர்ட்டையும் கொத்திக் கிழங்கு போட்டுவிட்டார்கள். அதனால் வயது அறுபது என்றாலும் நடந்த போட்டி ஐம்பத்தைந்துதான். கிழங்கு சிவப்பாக விளைந்ததா என்று செயலாளர் கேட்கிறார். கேலியா நிஜமா என்று தெரியவில்லை.

அவசரத்தில் அறுபத்திரண்டாம் புத்தகத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டேன். மற்ற வருஷங்களில் யாராவது விலகினால் டாக்டர் சீட்டு ஒட்டியிருக்கிறது. உன் பக்கத்தில் சீட்டு இல்லை. "தோள் வலிப்பதாகச் சொல்கிறார்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்கள். அந்த "சொல்கிறார்" எனக்கு உறுத்துகிறது. மறுநாள் காலையில் உன் டிரங்குப் பெட்டியை அந்தத் தோளில்தானே தூக்கிக்கொண்டு ரயிலுக்குப் போனாய்?

அன்று உன்னை எதிர்த்து ஆடிய தையல்காரர் இன்னும் பழைய கடையில்தான் இருக்கிறாராம். வெற்றி பெற்றவர் என்ற முறையில் அவரையும் பார்க்க வேண்டும். உனக்கு ஆட்சேபம் இல்லையே?

எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

அக்கா

&nbsp;

1989 ஏப்ரல் 11

அக்காவுக்கு,

நலம். பதில் போடத் தாமதமாகிவிட்டது. பள்ளிக்கூடங்களில் பல் பரிசோதனை முகாம், ஒரு நாளைக்கு இருநூறு வாய். ஊரார் வாயை எல்லாம் திறந்து பார்த்துவிட்டு வீட்டுக்கு வந்தால் என் வாயைத் திறக்கத் தெம்பு இருப்பதில்லை.

யாரைப் பார்ப்பது என்பது உன் இஷ்டம். என்னிடம் சொல்ல ஒன்றும் இல்லை.

முழங்கால் ஜாக்கிரதை.

சின்னவன்

&nbsp;

1989 ஏப்ரல் 25

சின்னவனுக்கு,

அத்தானுக்கு இரண்டு நாள் காய்ச்சல், இப்போது தேவலை. நீ உன் உடம்பைக் கெடுத்துக்கொள்ளாதே.

தையல்கடைக்குப் போய்விட்டு வந்தேன். நீளமான, ஒடுங்கிய கடை. ஜன்னல் பக்கம் மெஷின், சுவரில் ஆணிக்கு ஆணி அளவுச் சீட்டுகள். அவர் முடி முழுக்க நரைத்துவிட்டது. கை மட்டும் அதே வேகம். அந்தக் காலத்தில் தான் ஆடுகிற கால்சட்டையைத் தானே தைத்துப் போட்டுக்கொண்டு வருவாரே, நினைவிருக்கிறதா? எழுந்து நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மலரைப் பற்றிச் சொன்னேன்.

"அதுல நான் எதுக்கும்மா?"

"என்ன இப்படிக் கேக்கறீங்க? நீங்க சாம்பியன் ஆச்சே."

சிரித்தார். "என் பேரு உங்களுக்குத் தெரியாதா? இந்தத் தெருவுல யாரைக் கேட்டாலும் சொல்லுவாங்களே, அரைக்கோப்பைன்னு. பாதி ஆட்டத்துல கெடைச்ச கோப்பை. முதல்ல க்ளப்புல சொன்னாங்க, அப்புறம் டீக்கடையில. இப்ப கடைக்கு வழி கேக்கறவங்ககூட 'அரைக்கோப்பை கடை எது?'ன்னுதான் கேக்கறாங்க. அந்த வருஷத்தை வேணும்னா சும்மா விட்டுடுங்க. யுத்தத்தப்ப விட்டாப்பல."

அந்த ஃபைனலுக்குப் பிறகு அவர் மட்டையைத் தொடவே இல்லையாம். இருபத்தேழு வருஷமாகக் க்ளப் தெரு வழியாக நடப்பதும் இல்லையாம். தபால் ஆபீஸுக்குச் சுற்றிக்கொண்டு போகிறார். இந்தப் பெயர் என் காதுக்கு எட்டாமல் போனதுதான் எனக்கு வெட்கம். ஒருவேளை எட்டியும் நான் கேட்டுக்கொள்ளவில்லையோ என்னவோ.

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினார். அப்போது கேட்டார்:

"தம்பிக்குத் தோளு இப்பத் தேவலையாம்மா?"

நான் என்ன சொல்லட்டும்? நீயே எழுது.

அக்கா

&nbsp;

1989 ஜூன் 18

சின்னவனுக்கு,

எல்லோரும் சௌக்கியம்தானே? ஏழு வாரமாக உன்னிடமிருந்து கடிதம் இல்லை. மருமகளாவது தனியாக எழுதினாளே: "அப்பா கிளினிக் விட்டு வந்தா மொட்டை மாடியிலயே உக்காந்திருக்கார் அத்தை."

சரி. பெரியவள் நான். முதலில் நானே சொல்கிறேன்.

அன்று பின்கோட்டு நடுவர் காய்ச்சலில் படுத்துவிட்டார். கோடு பார்க்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் பார்வையாளர் பக்கம் இருந்தேன். ஃபைனலில் அதுவரை எந்தப் பெண்ணும் உட்கார்ந்ததில்லை. அதிலும் ஆடுகிறவனுக்கு அக்கா. அப்போதிருந்த செயலாளர் தயங்கினார். தையல்காரர்தான் சொன்னார்: "அக்காவே உக்காரட்டும் சார். பந்து பட்ட எடம் மண்ணுல தெரியத்தானே போவுது? மண்ணு பொய் சொல்லாது."

முதல் செட் அவருக்கு, ஆறுக்கு நான்கு. இரண்டாவதிலும் ஐந்துக்கு நான்கு, நாற்பதுக்கு முப்பது. இன்னும் ஒரே பாயிண்ட், கோப்பை அவருக்கு. அவர் அடித்த பந்து நீளமாக வந்து உன் பின்கோட்டில் விழுந்தது. சின்னவனே, அது கோட்டைத் தொட்டது. என் கண்ணுக்கு முன்னால், நான்கு அடி தூரத்தில் தொட்டது. என் வாய் "அவுட்" என்றது. கண் பிசகியதா, ரத்தபாசம் பிசகியதா, இன்றைக்கும் எனக்குத் தெரியாது. சொன்ன மறு நொடியே தப்பு என்று புரிந்துவிட்டது. எழுந்து மாற்றிச் சொல்லியிருக்கலாம். உட்கார்ந்தே இருந்தேன். யாராவது தடத்தைப் பார்க்கச் சொல்வார்கள், நான் சொல்லாமலே சரியாகிவிடும் என்று காத்திருந்தேன்.

அப்போது நீ வந்தாய். குனிந்து பார்த்தாய். என்னை ஒரு பார்வை பார்த்தாய். ஷூவில் மண் ஒட்டியதை உதறுகிறவன் மாதிரி, அந்தத் தடத்தின் மேல் காலைத் தேய்த்துவிட்டுப் போனாய். உயரத்தில் உட்கார்ந்திருந்த நடுவர் ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்தார். பார்த்தவள் நான் ஒருத்திதான்.

இத்தனை வருஷம் உன்மேல் எனக்கு உள்ளூரக் கோபம். நான் செய்தது தவறு, நீ செய்தது திருட்டு என்று பிரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அப்படி வைத்துக்கொண்டால் என் பங்கு சின்னதாகத் தெரியும், அவ்வளவுதான்.

நீ கோபப்பட்டாலும் சரி, எழுது.

அக்கா

&nbsp;

1989 ஜூலை 2

அக்காவுக்கு,

உன் கடிதத்தை நான்கு தடவை படித்தேன். உடம்புக்கு ஒன்றும் இல்லை, கவலைப்படாதே.

நீ பார்த்தாய் என்பது எனக்கு அன்றே தெரியும். உன் வாயிலிருந்து வரக்கூடாதே என்றுதான் ஊர்ப் பக்கமே வராமல் இருந்தேன். அப்பா போனபோதுகூட மூன்றாம் நாளே கிளம்பியது அதனால்தான்.

தடத்தைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது நீதான். ஃபைனலில் உட்கார்ந்த முதல் பெண், தம்பிக்காகப் பொய் சொன்னாள் என்பார்கள். அதற்குப் பிறகு எந்தப் பெண்ணையும் அந்த நாற்காலியில் உட்கார விடமாட்டார்கள். இது நிஜம். ஆனால் பாதி நிஜம். மீதியை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எனக்குக் கோப்பை வேண்டியிருந்தது. இருபத்து நான்கு வயசு. இன்னும் ஒரு பந்து கிடைத்தால் திருப்பிவிடலாம் என்று கால் அரித்தது. உன்னைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டே என்னைக் காப்பாற்றிக்கொண்டேன்.

திருப்பியும் விட்டேன். இரண்டாவது செட் எனக்கு, ஏழுக்கு ஐந்து. மூன்றாவதில் இரண்டுக்குப் பூஜ்யம். அவர் சோர்ந்துவிட்டார். பக்கம் மாறும்போது எனக்கு வழிவிட்டு நின்று, "நல்லா ஆடறீங்க தம்பி" என்றார். அதற்குப் பிறகு என்னால் மட்டையைத் தூக்க முடியவில்லை. தோள் வலி என்றேன். கோப்பையை அவரிடமே கொடுத்தாகிவிட்டது, விவகாரம் தீர்ந்தது என்று ரயில் ஏறினேன்.

அவர் முழுசாக ஜெயித்ததைப் பிடுங்கிக்கொண்டு பாதியைப் பிச்சை போட்டிருக்கிறேன் என்பது உன் ஏப்ரல் கடிதம் வந்த பிறகுதான் உறைத்தது. அரைக்கோப்பை. அந்தப் பெயரை வைத்தது ஊர் இல்லை, நான்.

மலரில் எழுது. என் பெயரோடு எழுது. உன் பங்கை எழுதுவதா வேண்டாமா என்பது உன் முடிவு. ஆனால் அச்சாவதற்கு முன்னால் அவருக்குப் படித்துக் காட்டிவிடு. நானே வந்து சொல்ல வேண்டும். இன்னும் தைரியம் வரவில்லை.

சின்னவன்

&nbsp;

1989 ஆகஸ்ட் 6

சின்னவனுக்கு,

நாங்கள் நலம். உன் கடிதம் வந்த அன்று எனக்கு நன்றாகப் பசித்தது. பல வருஷத்துக்குப் பிறகு இரண்டாம் தடவை போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். அத்தான் என்ன விசேஷம் என்று கேட்டார். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். கேட்டுவிட்டு, "இதுக்குத்தான் தூக்கத்துல 'அவுட் இல்ல, அவுட் இல்ல'ன்னு பொலம்புவியா?" என்றார். இத்தனை வருஷம் ஒரு தடவைகூடக் கேட்காத மனிதர்.

அந்தப் பக்கத்தை எழுதினேன். உன் பங்கு, என் பங்கு, இரண்டும். செயலாளருக்கு வியர்த்துவிட்டது. "மேடம், வாழ்த்து மலர் இது. இதுல போய்..." என்று இழுத்தார். "சரி, அப்ப முதல் பக்கத்துலேர்ந்து நீங்களே எழுதிக்குங்க" என்று மொத்தக் காகிதக் கட்டையும் மேஜையில் வைத்தேன். அரை மணி நேரம் யோசித்துவிட்டுக் கட்டை என் பக்கமே தள்ளினார்.

பிறகு தையல்கடை. மெஷினை நிறுத்திவிட்டுக் கேட்டார். நான் உன் கடிதத்தையும் படித்தேன். முடித்ததும் அவர் ஊசியில் கோர்த்திருந்த நூலை உருவி, மறுபடியும் கோர்த்தார். அப்புறம், "நாளைக்குக் குடுக்க வேண்டிய துணி கெடக்கு. நீங்க போயிட்டு வாங்க" என்றார். இந்தத் தடவை வாசல் வரைக்கும் வரவில்லை.

உன் விலாசத்தை ஒரு காகிதத்தில் எழுதி அவர் மேஜையில் வைத்துவிட்டு வந்தேன்.

அக்கா

&nbsp;

1989 செப்டம்பர் 14

டாக்டர் அவர்களுக்குத் தையல்காரர் எழுதிக்கொள்வது.

வணக்கம். தங்கள் குடும்பத்தார் சுகமாக இருக்க வேண்டும். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. ஐந்து வாரத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்துவிட்டேன். அவற்றில் இருந்த வார்த்தைகள் வேண்டாம்.

ஊர் வைத்த பெயர் எனக்குப் பெரிய கஷ்டமில்லை. என் கஷ்டம் வேறு. பக்கம் மாறும்போது நீங்கள் வெளுத்துப் போயிருந்தீர்கள். வலியை மறைத்துக்கொண்டு ஆடுகிறீர்கள் என்று நினைத்தேன். நான் உயர உயரப் பந்தைத் தூக்கிப் போட்டு உங்களை அடிக்க வைத்ததில்தான் தோள் போயிற்று, ஒரு வாலிபனின் கையை ஒடித்துக் கோப்பை வாங்கினேன் என்று இருந்தேன். அதனால்தான் மட்டையைப் பரண்மேல் போட்டேன். உங்கள் தோளுக்கு ஒன்றுமில்லை என்று கேட்டபோது எனக்கு முதலில் வந்தது நிம்மதி. கோபம் மறுநாள்தான் வந்தது. நிறைய வந்தது.

அக்கா அம்மாவின் மேலும் வருத்தம் உண்டு. ஆனால் அவர் என் கடைக்கு வந்து, என் முகத்தைப் பார்த்துப் படித்தார்.

மலரில் அப்படியே போடட்டும். க்ளப்பில் ஜெயித்தவர்கள் பெயர் எழுதிய போர்டில் மட்டும் எண்ணை மாற்றச் சொல்லுங்கள். ஆறு நான்கு, ஆறு நான்கு. "விலகல்" என்ற சொல் அங்கே இருக்கக் கூடாது. மன்னிப்பைப் பற்றி இப்போது கேட்காதீர்கள். என்னிடம் அதற்குப் பதில் இல்லை. இருந்தால் சொல்லியிருப்பேன்.

இப்படிக்கு,
தையல்காரர்

&nbsp;

1989 நவம்பர் 21

சின்னவனுக்கு,

உன் ஒரு வரிக் கடிதமும் அதனுள்ளிருந்த தையல்காரர் கடிதமும் கிடைத்தன. பத்திரமாக வைத்திருக்கிறேன். இங்கே நலம்.

ஞாயிற்றுக்கிழமை ஃபைனல். காலையிலேயே தண்ணீர் தெளித்து, உருளை ஓட்டி, வலையை இழுத்துக் கோர்ட்டைப் புதுத் துணி மாதிரி வைத்திருந்தார்கள். மலர் கைக்குக் கை போயிற்று. அறுபத்திரண்டாம் வருஷத்துப் பக்கம் வந்ததும் ஒவ்வொரு தலையாக என் பக்கம் திரும்பியது. என்னோடு பல வருஷம் கோடு பார்த்த இருவர் எழுந்து வேறு வரிசைக்குப் போய்விட்டார்கள். போகட்டும். நான் எழுந்து போகவில்லை.

தையல்காரர் வந்தார். தானே தைத்த வெள்ளைச் சட்டையில், க்ளப் தெரு வழியாக, நடந்தே. நேராகப் போர்டுக்கு முன்னால் போய் நின்றார். பெயர் எழுதுகிறவர் புது எண்களை முந்தின நாள்தான் போட்டிருந்தார். பெயின்ட் வாசனைகூடப் போகவில்லை. தையல்காரர் நெருங்கிப் போய்ப் படித்தார், கொஞ்சம் பின்னால் வந்து மறுபடியும் படித்தார். வாசலில் யாரோ பழைய ஆள், "அரைக்கோப்பை வந்திருக்காருடா" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். அவர் திரும்பி, "எழுத்து சாய்ஞ்சிருக்கு பாருங்க, நாலு கொஞ்சம் எறங்கிடுச்சு" என்றார். அவ்வளவுதான்.

பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். இரண்டாவது செட்டில் ஒரு பந்து கோட்டோரம் விழுந்தது. நடுவர் இறங்கிப் போய்த் தடத்தைப் பார்த்தார். என்னால் பார்க்க முடியவில்லை, தலையைக் குனிந்துகொண்டேன். "பந்து உள்ளேதாம்மா" என்று அவர் மெதுவாகச் சொன்னார்.

கிளம்பும்போது கேட்டார்: "தம்பி வரலியா?"

அக்கா

&nbsp;

1989 டிசம்பர் 2

அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதம் நேற்று மதியம் வந்தது. மாலை கிளினிக்கை மூடிவிட்டு நேராக ஸ்டேஷனுக்குப் போய் டிக்கெட் எடுத்தேன். சின்னக்குட்டி தானும் வருவேன் என்கிறாள். இந்தத் தடவை நான் மட்டும் வருகிறேன். லீவில் அவளை அனுப்பி வைக்கிறேன்.

வியாழக்கிழமை காலை வண்டி. அத்தானை ஸ்டேஷனுக்கு அனுப்ப வேண்டாம். இறங்கியதும் தையல்கடைக்குத்தான் போகிறேன், வீட்டுக்கு அப்புறம்தான். என்ன பேசுவது என்று ஒன்றும் தயார் செய்யவில்லை. அவர் திட்டினால் கேட்டுக்கொள்வேன். பேசாமல் இருந்தாலும் உட்கார்ந்திருப்பேன்.

எனக்குச் சாப்பாடு எடுத்து மூடி வை. எவ்வளவு நேரமாகும் என்று தெரியாது.

சின்னவன்